வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புதிய நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. எந்த வீட்டிலும் தரையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மொப்பால் துடைக்கலாம், மீறினால் புகார் பதிவாகும் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதே வாரம் கொமிட்டிக்காரர்கள் என்னை மாடிப்படியில் பிடித்தார்கள். வீட்டில் தண்ணீர் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், இருபது வருடம் இங்கே பராமரிப்பு வேலை பார்த்தவர் நீங்கள்தானே என்றார்கள்.

ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாச்சாரமா அது? அந்த விதியை முதன்முதலில் எழுதியவனே நான்தான். நான் எழுதியது மாடி வீடுகளுக்கு மட்டும். அதைக் கீழ்த்தளத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அதனால் என் அண்ணி பாக்கியம் மூன்று வாரம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்தார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் பெயர் மணியம். பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்டத்தில் எனக்குப் பைப்பு வேலை. மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் குழாயைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடும், மண் சரிந்து மூடும், நான் போய் ஒட்டிவிட்டு வருவேன். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். அங்கே குழாய் ஒழுகினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தண்ணீர் கால்வாய்க்குப் போகும், கால்வாய் ஆற்றுக்குப் போகும்.

எங்கள் டிவிஷன் லயத்தை இடித்தபோது, கோலா தெர்லா போகும் சாலையோரம் கட்டிய ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நாங்கள் சில குடும்பங்கள் வந்தோம். விற்பனைத் தாளில் கொண்டோ என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட் ஒன்று இருந்தது, அது ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். எனக்குக் கீழ்த்தளத்தில் வீடு. இறந்துபோன என் அண்ணனின் மனைவி பாக்கியம் அண்ணிக்கு நாலாவது மாடி. பராமரிப்புக்கு ஆள் தேடினார்கள், பைப்பு தெரியும் என்றேன், சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று தொடங்கியது எனக்குச் சனி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அடுக்குமாடியில் எப்போதும் தலைக்கு மேல்தான் வெள்ளம், அது சாணா முழமா என்றுதான் சண்டையே. மேல் வீட்டுக்காரர் என் வீட்டில் ஒழுக்கே இல்லை என்பார். கீழ் வீட்டுக்காரர் கூரையைக் காட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் சனி ஞாயிறுக்கு மட்டும் வந்து போகிற வீடுகள் இன்னும் மோசம். குழாயில் தண்ணீர் நின்றுபோன நேரத்தில் திறந்து பார்ப்பார்கள், வரவில்லை என்றதும் திறந்தபடியே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை தண்ணீர் வரும். கீழே மூன்று வீட்டுக்கு மழை பெய்யும். கிளம்பும்போது மெயின் வால்வை அடைத்துவிட்டுப் போங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். வால்வு எங்கே இருக்கிறது என்றே பாதிப்பேருக்குத் தெரியாது.

எனக்கு வாய்த்த முதல் மேனேஜர் என்சிக் ரசாலி, மலாய்க்காரர். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்று வந்தவர், ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் அவர் கூரையைப் பார்க்கமாட்டார். சப்பாத்தைக் கழற்றி வைப்பார், நாற்காலி கேட்டு உட்காருவார், கொடுத்த தேநீரைக் குடிப்பார். வீட்டுக்காரர்கள் கத்தி முடிக்கும்வரை வாயே திறக்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் சுத்தியலோடு நான் நிற்பேன், அவர் சர்க்கரை போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் கேள், அப்புறம் பார், அப்புறம் தொடு, உடைப்பது கடைசி என்று மலாயில் சொல்வார். அதை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன்.

வேலை தெரிந்த மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொல்வார். எண் நகர்ந்திருந்தால் குழாயில் ஒழுக்கு. நகரவில்லை என்றால் குழாயை விட்டுவிட்டுத் தரையைப் பார். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். கீழே ஈரம் வந்தால் அந்தத் தரை போயிற்று. கழிப்பறையில் சந்தேகம் என்றால் கடையில் விற்கும் ரோஸ் சிரப்பைத் தொட்டியில் ஊற்றுவார். கூரையில் சிவப்பாக இறங்கினால் யாரும் வாதாட முடியாது.

இந்த மலையில் இன்னொரு தொல்லை உண்டு. பனி இறங்கினால் சுவரே வேர்த்துவிடும். அதைப் பார்த்துக் குழாய் ஒழுகுகிறது என்று நூறு பேர் வந்திருப்பார்கள். அதற்கு அவர் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டச் சொல்வார். மறுநாள் தாளுக்கு வெளிப்பக்கம் ஈரம் என்றால் பனி, ஜன்னலைத் திறந்து வை. உள்பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள் தண்ணீர். இதைத்தான் கொமிட்டிக்காரர்கள் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இனி நான் சொல்ல வந்தது.

மூன்றாவது மாடியில், அண்ணி வீட்டுக்கு நேர் கீழே, யோக் லான் என்று ஒரு சீனத்து அம்மா. தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்தவரின் மகள், நம்மளவுக்குத் தமிழ் பேசுவார். வெள்ளி, சனி மாலைகளில் பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி விற்கப் போவார். அவருடைய கணவர் மிஸ்டர் ஹோ பக்கவாதம் வந்து படுத்தவர். பேச்சு இல்லை, கால் இரண்டிலும் உணர்ச்சி இல்லை, வலது கையில் ஒரு விரல் மட்டும் தூக்குவார். ஆஸ்பத்திரிக் கட்டில் அறைக் கதவுக்குள் நுழையாததால் ஹாலிலேயே போட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. யோக் லான் கட்டிலை இந்தப் பக்கம் தள்ளினார், அங்கேயும் சொட்டியது. அந்தப் பக்கம் தள்ளினார், சுவர் இடித்தது. கடைசியில் கணவரின் கால்மாட்டில் மெத்தைமேலேயே ஒரு பேசினை வைத்து, இடுப்புக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். நான் போய்ப் பார்த்தபோது பேசினில் பாதி தண்ணீர் இருந்தது. அது ஒருமுறை சாய்ந்து மனுஷன் நனைந்த துணியோடு நாலு மணி நேரம் கிடந்தாராம். யோக் லான் அப்போது சந்தையில் இருந்திருக்கிறார். உடம்பில் புண் வந்துவிட்டால் இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்று யோக் லான் சொன்னார். அழவில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

நான் மேலே ஓடினேன். மீட்டர் நகரவில்லை. சரி, குளியலறைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தரையில் தண்ணீர் கட்டிப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அண்ணி வீட்டுக் குளியலறையை உடைத்தேன். ஓடுகளைப் பெயர்த்து, தண்ணீர் தடுக்கும் மருந்து அடித்து, புது ஓடு பதித்தேன். அண்ணி ஒரு வாரம் என் வீட்டுக்கு வந்து குளித்தார். அடுத்த வாரம் கூரை மறுபடி ஒழுகியது. அப்புறம் சமையலறைக் கழிவுநீர்க் குழாயை மாற்றினேன். ஒழுகியது. வேறு எங்கேயாவது தண்ணீர் ஊற்றினீர்களா அண்ணி என்று போகும்போதெல்லாம் கேட்டேன். ஊற்றவே இல்லை என்றார். அவர் பொய் சொல்லாத மனுஷி. அம்மா இல்லாத என்னைப் பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவர், முப்பது வருடம் கூடை சுமந்து கொழுந்து எடுத்தவர். மூன்று மாதம் இப்படியே போயிற்று. யோக் லான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வெட்கத்தை விட்டு என்சிக் ரசாலியைக் கூப்பிட்டேன். அது ஒரு சனிக்கிழமை காலை. அவர் வந்து வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றினார். நாற்காலியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு மிஸ்டர் ஹோவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். நான் எழுதி வைத்திருந்தது புகார் வந்த தேதி. தண்ணீர் வந்த நாள் எது என்று கேட்டார். யோக் லானுக்குத் தெரியவில்லை, சந்தையிலிருந்து திரும்பினால் சொட்டிக்கொண்டிருக்கும் என்றார். எனக்கும் தெரியவில்லை.

அவர் மிஸ்டர் ஹோவைப் பார்த்து, நாள் முழுக்க அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான், உங்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். பிறகு திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளாக மெதுவாகச் சொன்னார். விரல் அசையவில்லை. வெள்ளி என்றதும் விரல் எழுந்தது. காலையிலா என்றார், விரல் கீழே. மாலையிலா என்றார், மறுபடி எழுந்தது. ஒவ்வொரு வெள்ளியுமா? விரல் எழுந்தபடியே நின்றது. மூன்று மாதம் அந்த மனுஷனின் காலுக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறி இறங்கியவன் நான். ஒரு நாளாவது அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேல் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை என்ன நடக்கும் என்று வெளியே வந்ததும் ரசாலி கேட்டார். ஒன்றும் நடக்காது, அண்ணி விளக்கேற்றுவார் என்றேன். விளக்கு ஒழுகாது மணியம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

யோசித்துக்கொண்டே என் வீட்டுக்கு இறங்கினேன். வாசற்படியில் முந்தின நாள் காய்ந்த மஞ்சள் தண்ணீரின் கோடு இருந்தது. என் மனைவி சரோஜா வெள்ளிக்கிழமை வீடு கழுவியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் லயத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை நாலைந்து வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து வீடு முழுக்க ஊற்றி, விளக்கமாற்றால் வாசல்வரை தள்ளிவிட்ட பிறகுதான் விளக்கேற்றுவோம். லயத்துச் சிமெண்டுத் தரை அதற்காகவே வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும். மாடி வீட்டு ஹாலுக்குச் சரிவும் கிடையாது, அடியில் தண்ணீர் தாங்கும் பூச்சும் கிடையாது. ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்கிக் கீழே யார் படுத்திருக்கிறாரோ அவர்மேல் சொட்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எங்கள் வீட்டிலேயே நடப்பதால் அது தண்ணீர் ஊற்றுவது என்று என் புத்தியில் உறைக்கவில்லை.

அண்ணியிடம் யார் சொல்வது? ரசாலியே சொல்லட்டும் என்று பார்த்தேன். நான் போய்ச் சொன்னால் அவருக்கு அவமானம், உன் வீட்டு ஆள், நீதான் சொல்ல வேண்டும் என்றார். ஊரிலுள்ள வீடெல்லாம் ஏறி உபதேசம் பண்ணுகிற எனக்கு நாலு மாடி ஏறி ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று நாள் பிடித்தது. சொன்னேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பத்து தடவ கேட்டியே தம்பி, நான் பொய்யா சொன்னேன்? வீடு கழுவுறது தண்ணி ஊத்துறதாடா?”

எனக்கும் தோன்றவில்லை அண்ணி என்றேன். மொப்பால் துடைத்தால் போதுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “அழுக்கு துணிய இங்கேருந்து அங்க இழுக்கறதுக்குப் பேரு சுத்தமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அலுத்துவிட்டது. வாங்க, வந்து கண்ணால் பாருங்கள் என்று கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

யோக் லான் கதவைத் திறந்தார். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கூரைக் கறையைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே அந்தக் கால்களைப் பார்த்தார். நான் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. விரிப்பின் ஓரத்தில் இன்னும் காயாமல் நின்ற ஈரத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். “எம் மஞ்சத் தண்ணி தான்மா” என்று யோக் லானிடம் சொன்னார். விரிப்பில் மஞ்சளாக ஒரு வளையம் படிந்திருந்தது. அதை நான் துரு என்று நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளி அண்ணி கழுவவில்லை. கூரை ஒழுகவில்லை. கழுவாத வீட்டில் விளக்கேற்ற மாட்டேன் என்று விளக்கையும் ஏற்றவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படியே. கீழ் வீடு காய்ந்தது, மேல் வீடு இருண்டு கிடந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வெள்ளி நாலு மணிக்கு அண்ணி விளக்கமாற்றோடும் குத்துவிளக்கோடும் நாலு மாடி இறங்கி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் வீட்டுக்குக் கீழே மண்ணுதானே என்றார். அன்றிலிருந்து வாராவாரம் எங்கள் வீட்டைக் கழுவினார். சரோஜாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு விளக்கமாறா என்று என்னிடம் முணுமுணுப்பாள், அண்ணியிடம் காப்பி நீட்டுவாள். அப்போதுதான் ரசாலி சொல்லி அந்த விதியை எழுதினேன், மாடி வீடுகளுக்கு மட்டும் என்று.

இரண்டு வருடம் போனது. கொழுந்து மலையில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால், லிஃப்ட் பாதி நாள் கிடையாது, அண்ணியால் முடியவில்லை. ஒரு நாள் சாவியை மாற்றிக்கொண்டோம். அண்ணி கீழே வந்தார், நாங்கள் நாலாவது மாடிக்குப் போனோம். சரோஜா அதற்கு என்னைத் திட்டியது இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திட்டுவாள். வீட்டுத் தரையை நான்தான் மொப்பால் துடைக்கிறேன், பிழிந்து பிழிந்து. மிஸ்டர் ஹோ போன வருடம் காலமானார். வீட்டில், தன் கட்டிலில், காய்ந்த துணியில். கடைசிவரை அந்தக் கூரையில் புதிதாக ஒரு கறை விழவில்லை. நான் பார்த்த வேலையில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

ரசாலி எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். இப்போது எல்லாம் கைப்பேசியில். எவரோ ஒருவர் கீழ்த்தளத்து அஞ்சடி நடைபாதையில் வெள்ளிக்கிழமை ஈரம் என்று படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். வழுக்கும் என்பது நியாயம்தான். அதனால்தான் வாசலிலிருந்து கால்வாய்வரை நானே சிமெண்டை வெட்டி வழி செய்திருக்கிறேன், காயும்வரை நாற்காலி போட்டு மறித்தும் வைப்பேன். வந்து பார்த்தால் தெரியும். யாரும் வரவில்லை, எவரும் நாற்காலி கேட்டு உட்காரவில்லை. அறிவிப்பு மட்டும் வந்தது. நான் கடிதம் எழுதினேன், கிடைத்தது, நன்றி என்று பதில் தானாக வந்தது.

போன வெள்ளி நாலு மணிக்கு இறங்கிப் போனேன். அண்ணி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கரைத்த வாளி பக்கத்தில் இருந்தது. ஏன் கரைத்தீர்கள் என்றேன். கை பழக்கம் என்றார். அந்த அறிவிப்பை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள், தன்னால் மறுபடி யாருக்கோ கெடுதல் என்று நினைத்துக்கொண்டார். “எனக்காக யாருகிட்டயும் சண்டைக்குப் போவாத தம்பி” என்றார். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்வதற்கு எனக்கே களைப்பாக இருந்தது.

சந்தைக்குக் கிளம்பிய யோக் லான் காய்கறிப் பையோடு படியிறங்கி வந்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன். சுவருக்குப் போய் அறிவிப்பைச் சீனத்தில் முழுதும் படித்தார். திரும்பி வந்து பையைக் கீழே வைத்தார், செருப்பைக் கழற்றினார், வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணியைத் தாண்டி ஹாலுக்குள் போனார்.

“கீழ யாரும் படுக்கல லா, பாக்கியம். எந்திரி. நான் ஊத்துறேன், நீ தள்ளு.”

மஞ்சள் தண்ணீர் வாசற்படி தாண்டி நான் வெட்டிய வழியில் ஓடியது. அண்ணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் விளக்கமாற்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது மாடியிலிருந்து யாரோ கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும். அந்தப் படத்தில் வாளி யோக் லான் கையில் இருக்கிறது.